தூண்டில் சீட்டுப் பணத்தில் ஆற்றைக் காப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆற்றைச் சீர்செய்ய வேண்டும் என்று ஊரில் நாலு பேர் கூடினால், இரண்டாம் கூட்டத்திலேயே பேச்சு பணத்தில் வந்து நிற்கும். கரையோரக் குப்பையை அள்ளவும் மரக்கன்று வாங்கவும் நன்கொடை கிடைத்துவிடுகிறது. அந்தக் கன்றுக்கு மூன்றாம் கோடையில் தண்ணீர் ஊற்றுபவருக்குக் கூலி கொடுக்கத்தான் ஆள் இல்லை. ராத்திரியில் மடுவில் வெடி போட வருகிறவர்களைத் தடுக்க விழித்திருப்பவருக்கும் இதே கதைதான். ஆற்றுக்கு வேண்டியது ஆண்டு தவறாமல் வரும் தொகை. அது சிறியதாக இருந்தாலும் போதும்.

அப்படி ஒரு தொகையைத் திரட்டும் வழிகளில் ஒன்று, பொழுதுபோக்காகத் தூண்டில் போட வருபவர்களிடம் நாள் கட்டணம் வாங்கி, அனுமதிச் சீட்டு கொடுத்து, அந்தப் பணத்தை அதே ஆற்றில் செலவிடுவது. பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது பெரும்பாலும் நிபந்தனை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இது பழகிப்போன ஏற்பாடு. நம் காவிரியிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இது நடந்திருக்கிறது. அங்கே பலித்ததும் பொய்த்ததும் சேர்த்துத் தெரிந்துகொண்டால்தான் நீங்கள் புதிதாகத் தொடங்கும்போது அதே பள்ளத்தில் விழாமல் இருக்கலாம். அதனால் முதலில் அந்தக் கதை.

காவிரியில் நடந்தது

சிவசமுத்திரம் அருவிக்குக் கீழே, மேகதாதுவுக்கு மேலே, காவிரி காட்டுக்குள் பாறை தாவி ஓடும் பகுதி ஒன்று கர்நாடகத்தில் இருக்கிறது. பீமேஸ்வரி, தொட்டமகளி, கலிபோரே என்று மூன்று முகாம்கள் அங்கே இருந்தன. தூண்டில்காரர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து அங்கே வந்ததற்குக் காரணம் ஒரே மீன்: மஹ்சீர். தமிழில் பூமீன் கெண்டை என்பார்கள். முதுகு கூனி, செதில் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் காவிரி மஹ்சீர் 50 கிலோவையும் தாண்டி வளரக்கூடியது. மைசூரைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன் 1946-ல் பிடித்த மீன் 120 பவுண்டு எடை.

1972-ல் பெங்களூரில் தொடங்கப்பட்ட தென்னிந்திய வனவுயிர்ச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் முகாம்களை நடத்தியது. தூண்டில்காரர்கள் கேழ்வரகு மாவைக் களியாகக் கிண்டி உருண்டை பிடித்து முள்ளில் கோத்துப் போட்டார்கள்; பிடித்த மீனை எடைபோட்டு, குறித்துக்கொண்டு, விட்டுவிட்டார்கள். முன்பு வெடி வைத்தும் வலை வீசியும் திருட்டுத்தனமாக மீன் பிடித்த உள்ளூர்க்காரர்கள் பலர் முகாமில் வழிகாட்டியாகவும் காவலராகவும் சம்பளத்துக்கு வந்தார்கள். செத்த மீனுக்கு ஒரு நாள் விலைதான். உயிரோடு இருக்கும் மீன் வருடம் முழுக்கச் சோறு போடும் என்பது அந்தக் கரையில் கண்ணெதிரே தெரிந்தது. இது பலித்த பாதி.

பொய்த்த பாதியை இன்னும் கவனமாகப் படியுங்கள். மீன் குறைந்துவிட்டதே என்ற நல்ல எண்ணத்தில், மகாராஷ்டிரத்தின் லோனாவலாவில் உள்ள பொரிப்பகத்திலிருந்து மஹ்சீர்க் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை மஹ்சீர்தான், ஆனால் வேறு இனம். நீலத் துடுப்பு மஹ்சீர். கலிபோரே முகாமின் பதிவேடுகளை ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துக் கணக்குப் போட்டார்கள். 1998 முதல் 2012 வரை 23,620 மணி நேரத் தூண்டிலில் 6,161 மஹ்சீர்கள். மணிக்கு எத்தனை மீன் என்ற கணக்கு ஆண்டுக்கு ஆண்டு ஏறியிருந்தது. மீனின் சராசரி எடை இறங்கியிருந்தது. வெளியிலிருந்து வந்த இனம் பெருகப் பெருக, காவிரிக்கே உரிய கூன்முதுகு மஹ்சீர் அருகிக்கொண்டே போனது. தூண்டில்காரர்கள் மகிழ்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர்களை அங்கே வரவழைத்த மீன் மறைந்துகொண்டிருந்தது.

அந்த மீனுக்கு அதுவரை முறையான அறிவியல் பெயர்கூட இல்லை. கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த மஹ்சீரை வைத்து 2007-ல் சூட்டப்பட்ட தோர் ரேமாதேவி என்ற பெயர்தான் இதற்கும் உரியது என்று 2018-ல் நிறுவினார்கள். பாம்பாறு அமராவதி வழியாகக் காவிரியில் கலப்பது. அதே 2018-ல் அது மிக அருகிவிட்ட இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. இன்று அது உயிரோடு எஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களில் நம் மோயாறு ஒன்று.

முகாம்களில் தூண்டில் போடுவது 2012 வாக்கில் நின்றுபோனது. அந்தப் பகுதி காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகிறது; சரணாலயத்தில் விலங்கைப் பிடிப்பதும் சட்டப்படி வேட்டைதான்; திரும்ப விட்டாலும் பிடித்தது பிடித்ததுதான். தூண்டில்காரர் போனபின் கரையில் கண்காணிப்பும் போனது என்று மீன் ஆய்வாளர்கள் வருந்தி எழுதினார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. என் கருத்தைக் கேட்டால், சரணாலயம் சரணாலயமாகவே இருக்கட்டும். தூண்டில் பணம் உதவக்கூடிய ஆறு அதற்கு வெளியே ஏராளமாகக் கிடக்கிறது.

முதல் வேலை: உங்கள் ஆற்றுத் துண்டு யார் கையில் இருக்கிறது?

முழு ஆற்றையும் மனத்தில் வைத்துத் தொடங்காதீர்கள். மூன்று நான்கு கிலோமீட்டர் போதும். ஒரு காவலர் ஒரு நாளில் நடந்து திரும்பக்கூடிய நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் துண்டு சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் எதற்குள்ளும் இருக்கக்கூடாது. மோயாறு முதுமலை, சத்தியமங்கலம் காப்பகங்களை ஒட்டி ஓடுகிறது. அங்கே தூண்டில் சுற்றுலா என்ற பேச்சே வேண்டாம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. பழைய வரைபடத்தை நம்பிப் போகாமல் மாவட்ட வன அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காப்புக்காடு என்றாலும் வனத்துறையின் அனுமதி வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் உங்கள் ஆற்று மீன் ஏதேனும் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்து, மீன்பிடி உரிமை. நீர்த்தேக்கம் என்றால் மீன்வளத் துறையோ, தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகமோ, குத்தகை எடுத்த கூட்டுறவுச் சங்கமோ உரிமையாளராக இருக்கும். ஆறு என்றால் மீன்வளத் துறையின் உரிமம் வாங்கிய உள்நாட்டு மீனவர்கள் இருப்பார்கள். கரையும் படுகையும் நீர்வளத் துறையின் பொறுப்பு. ஆக, குறைந்தது இரண்டு துறைகளுக்கு மனு எழுத வேண்டியிருக்கும். மனுவில் ‘சுற்றுலா’ என்ற சொல்லை முன்னால் நிறுத்தாமல், கண்காணிப்பு, மீன் கணக்கெடுப்பு, கரைப் பராமரிப்பு என்று நீங்கள் செய்யப்போகும் வேலையை முதலில் சொல்லுங்கள். கட்டணம் அதற்கான வழி என்று பின்னால் சொல்லுங்கள்.

இந்த மண்ணுக்கு இது புதிய சிந்தனையும் கிடையாது. நீலகிரியில் வேட்டையையும் மீன்பிடிப்பையும் ஒழுங்குபடுத்த 1879-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அங்கே பின்னாளில் பேணப்பட்டது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன். எதைக் காக்கிறோம் என்ற கேள்வி அப்போதும் சரியாகக் கேட்கப்படவில்லை.

இரண்டாம் வேலை: கரைக்காரர்களோடு உட்காருங்கள்

இதை அனுமதிக்கு முன்பே செய்யலாம், செய்தால் நல்லது. பரிசல் ஓட்டுபவர், வலை போடுபவர், ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுபவர், துணி துவைக்க வருபவர் என அந்தக் கரையை நம்பியிருக்கும் எல்லோரும் உங்களுக்கு முன்னால் அங்கே இருந்தவர்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் விலையுயர்ந்த தூண்டிலோடு நிற்பதற்காக, அப்பன் பாட்டன் காலத்திலிருந்து வலை போட்டவரை எழுந்து போகச் சொன்னால், அந்தத் திட்டம் முதல் மழைக்கே கரைந்துவிடும். கரைந்து போவதே நியாயம்.

நடைமுறையில் ஒரு வழி உண்டு. மடுக்களையும் முட்டையிடும் இடங்களையும் மட்டும் தூண்டில் பகுதியாக ஒதுக்கி, மற்ற இடங்களில் உரிமம் உள்ளவர்களின் வலை வழக்கம்போல் நடக்கட்டும். மடுவில் பெருகும் மீன் வெளியே வந்து அவர்கள் வலையிலும் விழும். மடுவை விட்டுக்கொடுக்கும் குடும்பங்களுக்கே வழிகாட்டி வேலையில் முதல் உரிமை கொடுங்கள். எந்த மீன் எந்த மாதத்தில் எங்கே ஒதுங்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அந்த அறிவுக்குத்தான் தூண்டில்காரர் காசு கொடுக்கிறார் என்பதை இரு தரப்புக்கும் புரியவைக்க வேண்டும். சமையலை ஊரின் மகளிர் சுய உதவிக் குழுவிடம் விடுங்கள். தங்குவதற்கு முதல் இரண்டு ஆண்டு ஊரில் இருக்கிற வீடுகளே போதும். ஆற்றோரத்தில் புதிதாக ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம்.

வெடியும் விஷமும் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படியே குற்றம். இதைச் செய்கிறவர்கள் யார் என்று ஊருக்குத் தெரியும். காவல் நிலையத்துக்கு ஓடுவதற்கு முன், அவர்களில் வேலை கேட்பவர் உண்டா என்று பாருங்கள். காவிரி முகாம்களில் மிக நல்ல காவலர்கள் அப்படித்தான் கிடைத்தார்கள்.

மூன்றாம் வேலை: பணம் வாங்கும் முன் ஆற்றை அளந்து எழுதுங்கள்

ஒரு ரூபாய் வசூலிக்கும் முன் ஒரு முழு ஆண்டு ஆற்றைப் பார்த்து எழுதுங்கள். பெரிய கருவி வேண்டாம். மாதம் ஒருமுறை, குறித்த ஐந்து இடங்களில், தண்ணீரின் ஆழம், வெப்பநிலை, தெளிவு. கரையில் நாணலும் மரமும் எவ்வளவு. மணல் அள்ளிய தடம் உண்டா. சாக்கடை எங்கே கலக்கிறது. உரிமம் உள்ள மீனவர் வலையில் விழுவது என்ன என்பதை எண்ணி, படம் எடுத்து, நீளம் குறித்து வையுங்கள். அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் துறையைக் கூப்பிட்டால் பெரும்பாலும் வருவார்கள். மீன் இனத்தை உறுதிப்படுத்த அவர்கள் வேண்டும். கலிபோரேயில் எந்த மஹ்சீர் எது என்று தொடக்கத்திலேயே பிரித்துக் கணக்குப் பார்த்திருந்தால், அழிவு முன்னதாகவே தெரிந்திருக்கும்.

இந்த ஆண்டின் முடிவில் ஆற்றுக்கு என்ன நோய் என்பது ஓரளவு தெரிந்துவிடும். தூண்டில் பணத்தால் தீராத நோய் என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். வேல்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே ஓடும் வை ஆற்றில் இதைப் பார்க்கலாம். அங்கே வை அண்ட் அஸ்க் அறக்கட்டளை தூண்டில் சீட்டு முறையை வெகு நேர்த்தியாக நடத்துகிறது; மீன் ஏறும் படிகள் கட்டியிருக்கிறார்கள், கரைக்கு வேலி போட்டிருக்கிறார்கள். ஆனாலும் ஆற்றுப் படுகையில் பெருகிய கோழிப் பண்ணைகளின் எருவிலிருந்து வரும் பாஸ்பேட்டை அந்தப் பணத்தால் நிறுத்த முடியவில்லை. 2023-ல் அந்த ஆற்றின் நிலை ‘மோசமாகிக்கொண்டிருக்கிறது’ என்று அரசு அமைப்பே தரம் இறக்கியது. சாயக் கழிவு ஓடும் ஆற்றில் தூண்டில் சீட்டு விற்பதால் பயன் இல்லை. அங்கே வேண்டியது சட்டமும் வழக்கும்.

நான்காம் வேலை: எத்தனை தூண்டில், என்ன விலை

ஆற்றுத் துண்டைப் பாகங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பாகத்திலும் ஒரே நேரத்தில் இரண்டு தூண்டிலுக்கு மேல் கூடாது. தூண்டில்காரர் தேடி வருவதே தனிமையைத்தான்; கூட்டம் சேர்த்தால் மீனும் கெடும், விலையும் விழும். இனப்பெருக்கக் காலமான மழைக்காலத்தில் முழு விடுமுறை. இங்கிலாந்து ஆறுகளில் சால்மன், ட்ரவுட் அல்லாத சாதாரண மீன்களுக்கு மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டில் தடை என்பதை மிகக் கண்டிப்பாக வைத்திருக்கிறார்கள். நம் ஆற்றுக்கு எந்த மாதங்கள் என்பதை உங்கள் ஓராண்டுக் குறிப்பு சொல்லும்.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என்னுடைய ஊகம். உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். நான்கு பாகம், பாகத்துக்கு இரண்டு தூண்டில், வாரம் நான்கு நாள், இருபது வாரம். மொத்தம் 640 தூண்டில் நாள். அதில் பாதி நிரம்பினால் 320. நாளுக்கு 1,500 ரூபாய் என்றால் 4,80,000 ரூபாய். இரண்டு காவலருக்கு மாதம் 15,000 வீதம் பன்னிரண்டு மாதச் சம்பளம் 3,60,000. மீதி 1,20,000. அச்சு, பதிவேடு, பரிசல் பழுது போனால் கரை வேலைக்கு நிற்பது ஒரு லட்சம் இருக்கலாம்.

இந்தக் கணக்கு ஏமாற்றமாகத் தோன்றும். எனக்கு இது நல்ல கணக்கு. ஆண்டு முழுவதும் இரண்டு பேர் கரையில் நடக்கிறார்கள். அதுவே பாதிப் புனரமைப்பு. வெடி நின்று, வலை மடுவை விட்டு விலகி, மணல் வண்டி இறங்கும்போது யாரோ பார்க்கிறார்கள் என்ற நிலை வந்தால், ஆறு தன் காயத்தில் பாதியைத் தானே ஆற்றிக்கொள்ளும். கோடிக்கணக்கில் ஆகும் தடுப்பணை மாற்றத்துக்கும் கழிவுநீர் நிலையத்துக்கும் இந்தப் பணம் வராது என்பதைத் தொடக்கத்திலேயே ஊருக்குச் சொல்லிவிடுங்கள். அவற்றுக்கு அரசிடமும் நிறுவனங்களிடமும் போய் நிற்கும்போது, கையில் இருக்கும் பதிவேடும் ஒழுங்கான கணக்கும்தான் உங்களுக்காகப் பேசும்.

வழிகாட்டியின் கூலியை இந்தக் கட்டணத்தில் சேர்க்காதீர்கள். அது தூண்டில்காரர் நேராக வழிகாட்டி கையில் கொடுப்பது. சாப்பாடும் தங்கலும் அப்படியே. உள்ளூர்ச் சிறுவர்களுக்குச் சீட்டு இலவசம். ஊர்க்காரருக்குப் பெயரளவுக்கு ஒரு தொகை. தன் ஆற்றில் தூண்டில் போட ஊர்ப் பையன் 1,500 ரூபாய் கட்ட வேண்டும் என்றால் அந்த ஆறு அவனுக்கு அந்நியமாகிவிடும்.

சிறியதாகத் தொடங்க விரும்பினால் தென்மேற்கு இங்கிலாந்தின் டோக்கன் முறை நல்ல மாதிரி. அங்கே வெஸ்ட்கன்ட்ரி ஆறுகள் அறக்கட்டளை டோக்கன் புத்தகம் விற்கிறது. தூண்டில்காரர் ஆற்றோரம் வைத்திருக்கும் பெட்டியில் அந்த இடத்துக்கு உரிய எண்ணிக்கையில் டோக்கன் போட்டுவிட்டு இறங்குவார். விழுந்த டோக்கன்களுக்கு ஏற்ப நிலத்துக்காரருக்குப் பணம். கரையில் நிழலும் புதரும் நன்றாக இருந்தால் மீன் இருக்கும். மீன் இருந்தால் டோக்கன் விழும். கரையை உழுது அழித்த விவசாயிக்கும் அது புரிந்துவிடுகிறது. பெரிய நிர்வாகம் தேவையில்லாத ஏற்பாடு.

ஐந்தாம் வேலை: பணம் ஆற்றைவிட்டு ஓடாதபடி பூட்டுங்கள்

நல்ல திட்டங்கள் பலவும் தேங்கி நிற்கும் இடம் இது. வசூலான பணம் பொதுக் கணக்கில் போய் விழும்; அங்கிருந்து வேறு வேலைக்குப் போகும்; மூன்றாம் ஆண்டு காவலருக்குச் சம்பள பாக்கி விழும்; நான்காம் ஆண்டு வெடிச் சத்தம் கேட்கும்.

அமெரிக்காவில் இதை எப்படிப் பூட்டினார்கள் என்று பாருங்கள். 1950-ல் வந்த டிங்கல்–ஜான்சன் சட்டம் தூண்டில் கருவிகள் மீதான வரியை மீன்வள மேம்பாட்டுக்கே ஒதுக்கியது. அந்தப் பணம் மாநிலங்களுக்குப் பிரிக்கப்படும்போது அறுபது விழுக்காடு உரிமம் பெற்ற தூண்டில்காரர் எண்ணிக்கைப்படியும், நாற்பது விழுக்காடு பரப்பளவுப்படியும் போகும். திட்டச் செலவில் நாலில் மூன்று பங்கு வரை மத்திய அரசு தரும். நிபந்தனை ஒன்று: தன் தூண்டில் உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பிய மாநிலம் இந்த நிதியை இழக்கும். அந்த ஒரு வரிதான் எழுபது ஆண்டுகளாக அந்தப் பணத்தைக் காத்து நிற்கிறது.

உங்கள் அளவில் இதைச் செய்ய, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் ஒரு சங்கத்தைப் பதிவு செய்து, சீட்டுப் பணத்துக்கு மட்டும் தனி வங்கிக் கணக்குத் திறவுங்கள். மூன்று கையெழுத்து: ஒருவர் மீனவர், ஒருவர் உள்ளாட்சி சார்ந்தவர், ஒருவர் சங்கத்தவர். விதிமுறையிலேயே பங்கை எழுதிவிடுங்கள்: காவலுக்கு இவ்வளவு, கரை வேலைக்கு இவ்வளவு, அவசர நிதிக்கு இவ்வளவு. உயிரியல் பன்முகச் சட்டம் 2002-ன்படி உள்ளாட்சிதோறும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அது பெயரளவில் இருந்தால் உயிர்ப்பித்து, அதன் பார்வைக்கும் கணக்கை வையுங்கள்.

அவசர நிதி விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மேட்டூரில் தண்ணீர் திறக்காத ஆண்டு வரும், வெள்ளம் வரும், தொற்றுநோய் வரும். தூண்டில்காரர் ஒருவர்கூட வராத ஆண்டிலும் காவலர் நடக்க வேண்டும். முழு ஓராண்டுச் சம்பளம் கையிருப்பில் சேரும் வரை புதிய கரை வேலை எதையும் தொடங்காதீர்கள்.

கணக்கைக் கரையிலேயே பலகையில் எழுதிப் போடுங்கள். எத்தனை சீட்டு, எவ்வளவு வரவு, எங்கே செலவு என்று மாதம் ஒருமுறை, சுண்ணாம்பில் எழுதினாலும் போதும்.

ஆறாம் வேலை: சீட்டில் என்ன எழுதியிருக்க வேண்டும்

பெயர், நாள், பாகம், நேரம், கட்டணம் என்பவை தவிர, சீட்டின் பின்பக்கம்தான் முக்கியம். அங்கே மீன் பதிவுப் படிவம் இருக்கட்டும்: எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன மீன், நீளம், ஏறத்தாழ எடை, விட்டாரா இல்லையா. ஒன்றும் கிடைக்காவிட்டால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். அந்த ‘இல்லை’யும் தகவல்தான். சீட்டு வாங்கும்போது 300 ரூபாய் முன்பணம் பிடித்துக்கொண்டு, படிவத்தை நிரப்பிக் கொடுத்ததும் திருப்பிக் கொடுங்கள். நிரப்பாமல் போகிறவர் மிகக் குறைவாகவே இருப்பார். கட்டணத்தைவிட இந்தப் படிவங்களை நான் பெரிதாக மதிக்கிறேன். இத்தனை மலிவாக ஆண்டுக்கணக்கில் மீன் கணக்கெடுக்க வேறு வழி கிடையாது.

மீனைக் கையாளும் விதியை வழிகாட்டிகள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். மூன்று கிளை முள் கூடாது, ஒற்றை முள்தான். முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்ப்புறமாக நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கொக்கியைக் குறடால் நசுக்கிவிட வேண்டும். அப்போதுதான் சதை கிழியாமல் கழலும். தூண்டில் நரம்பு, அதாவது இழை, மெல்லியதாக இருந்தால் மீனை நெடுநேரம் அலைக்கழிக்க வேண்டிவரும், அதனால் தடித்த நரம்பு. கையை நனைக்காமல் மீனைத் தொடக்கூடாது. உலர்ந்த கையும் சுடுபாறையும் அதன் வழுவழுப்பை உரித்துவிடும், பின்னர் புண் பிடிக்கும். வாயைப் பிடித்துத் தொங்கவிட்டுப் படம் எடுப்பது தடை. படம் வேண்டுமானால் மீன் தண்ணீரிலேயே இருக்கட்டும், மனிதர் குனியட்டும். விடும்போது தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு, அது தானாக உதறிப் போகும்வரை காத்திருக்க வேண்டும்.

கோடை நண்பகலில் தூண்டிலை நிறுத்துங்கள். சூடேறிய தண்ணீரில் உயிர்வளி குறைவு. அந்த நேரத்தில் போராடிய மீன் நீந்திப் போவதுபோல் போய் அப்பால் செத்துவிடும். பிடித்து விடுவதால் மீனுக்கு வலியே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வலியும் சில சாவும் உண்டு. அந்த விலையைக் குறைக்கத்தான் இத்தனை விதி.

ஒரு விலக்கு வையுங்கள்: ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் கிடைத்தால் திரும்ப விடக்கூடாது. இரண்டும் வெளியிலிருந்து வந்து நம் ஆற்றில் குடியேறியவை. வழிகாட்டி வீட்டுக்கு எடுத்துப் போகட்டும், குழம்புக்கு ஆகும். மஹ்சீர் இல்லாத சமவெளி ஆறு என்று தயங்கவும் வேண்டாம். விராலும் வாளையும் தூண்டில்காரர்களுக்கு மிகப் பிடித்த மீன்கள். விரால் தவளைப் பொம்மையை மேலே பாய்ந்து கவ்வுவதைப் பார்க்கவென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆள் பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக: பரிசலில் மிதவைச் சட்டை இல்லாமல் யாரும் ஏறக்கூடாது, அணை திறப்பு அறிவிப்பைக் காலையில் கேட்டுவிட்டுத்தான் ஆற்றில் இறங்க வேண்டும், காவிரியின் சில இடங்களில் முதலை உண்டு, அங்கே இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தூண்டில் போடுவது கிடையாது.

ஏழாம் வேலை: எதற்குச் செலவிடலாம், எதற்குக் கூடாது

முதலில் கூடாதது. மீன்குஞ்சு வாங்கி விடாதீர்கள். யார் இலவசமாகக் கொடுத்தாலும் விடாதீர்கள். விழா எடுத்து, மாலை போட்டு, லட்சம் குஞ்சு விடுவது படத்துக்கு நன்றாக இருக்கும். காவிரிக் கூன்முதுகுக்கு நேர்ந்ததை மேலே படித்தீர்கள். ஆற்றில் உள்ள மீனுக்கு முட்டையிட இடமும் வளர நேரமும் கொடுத்தால் குஞ்சு தானாக வரும். சிமென்ட் படித்துறை, பூங்கா, வரவேற்பு வளைவு எதுவும் இந்தப் பணத்தில் வேண்டாம்.

செலவிட வேண்டியது எளிய வேலைகளுக்கு. காவலர் சம்பளம் எப்போதும் முதலில். அடுத்து, ஆற்றுக்குள் சிக்கிக் கிடக்கும் அறுந்த வலைகளை எடுப்பது. அவை ஆள் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் மீனைக் கொன்றுகொண்டிருக்கும். பிறகு கரை. நீர்மருது, புங்கு, நாவல், ஆற்றுப்பூவரசு போன்ற அந்தக் கரைக்கே உரிய மரங்களை நட்டு, மாடு மேயாதபடி மூன்று ஆண்டு முள்வேலி போடுங்கள். மாடு தண்ணீர் குடிக்க ஓரிடத்தில் இறக்கம் விட்டால் போதும். கரை முழுக்க மிதிபடாது. சீமைக்கருவேலத்தை ஒரே நாளில் மொட்டையடித்தால் மண் சரியும், அதனால் துண்டு துண்டாக வெட்டி உடனே நட வேண்டும். கிளை ஓடையில் யாரோ போட்ட சிறு தடுப்பு மீன் ஏறுவதை மறிக்கிறதென்றால், நீர்வளத் துறையின் அனுமதியோடு ஓரத்தில் கல்லடுக்கிப் படிபோல் ஏற்றம் அமைக்கலாம். மழையில் மீன் மேலேறும் பாதையைத் திறந்துவிடுவதற்கு இணையான செலவு வேறொன்றும் இல்லை.

முதல் பருவம் முடியும்போது

பருவமழைக்கு முன், சீட்டு விற்பதை நிறுத்திய வாரத்திலேயே ஊர்க் கூட்டம் கூட்டுங்கள். வரவு செலவை வாசித்தபின், படிவங்களை எடுத்து மீன் மீனாக வாசியுங்கள்: எந்த மடுவில் என்ன மீன், போன ஆண்டு மீனவர் வலையில் விழுந்த நீளம் என்ன, இந்த ஆண்டு என்ன. சராசரி எடை இறங்கியிருந்தால் அடுத்த பருவத்துக்குத் தூண்டில் எண்ணிக்கையைக் குறையுங்கள், வருமானம் குறைந்தாலும். ஏதாவது ஒரு பாகத்தில் ‘இல்லை’ மட்டுமே வந்திருந்தால் அதை ஓராண்டு மூடுங்கள். மடுவை விட்டுக்கொடுத்த குடும்பங்களுக்கு வழிகாட்டி வேலை எத்தனை நாள் கிடைத்தது என்பதையும் அங்கேயே எண்ணிப் பாருங்கள். சொன்னதைவிடக் குறைவென்றால், அடுத்த பருவத்துக்கான முதல் சீட்டை விற்கும் முன் அவர்களோடு மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும்.